ஒரு சட்டியில் உண்ட இருவர்

நான் நேரில் கண்டவற்றையும், என் தந்தையும் தாயும் வெவ்வேறு காலங்களில், ஒருவர் சொன்னதை மற்றவர் கேளாத வேளைகளில், ஒரே விதமாகச் சொன்னவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நம் வயதினர் கூடும் மதியப் பொழுதுகளில் இக்கதை என் காதுபடவே பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஒருவர் வாயில் அந்த மாலுமி கத்தியால் குத்தப்பட்டார். மற்றொருவர் வாயில் அவர் நீந்திக் கரையேறி, மெல்பேர்னுக்குப் போய், பேரப்பிள்ளைகளைக் கண்டு, கிரான்பர்னில் இயற்கையாக மாண்டார். இரண்டுக்கும் சான்றில்லை. நடந்தது போதிய அளவு கொடியது. அதற்கு அணி பூட்ட வேண்டியதில்லை. காலம் எழுபதுகளின் நடுப்பகுதி. எந்த ஆண்டு என்பதில் என் பெற்றோர் கடைசிவரை உடன்படாததால் அதைக் குறிக்கவில்லை. கப்பலின் கொடி எந்நாட்டுக்குரியது என்பதையும் அதே காரணத்தால் விடுகிறேன்.

நீங்கள் பெரும்பாலும் பிற்பாடு இந்நகருக்கு வந்தவர்கள். இன்று நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் படகேறிப் போய்க் காப்பி குடிக்கும் துறைமுகப் புறநகரான பால்மெயின், அன்று நாற்றமடிக்கும் ஊர். சவர்க்காரத் தொழிற்சாலையில் கொழுப்புக் காய்ச்சும் நெடி ஒரு பக்கம். நீரில் ஊறிய மரப்பட்டையின் நெடி மறுபக்கம். பசிபிக் தீவுகளிலிருந்து பெருமரங்களை ஏற்றிவரும் கப்பல்கள் எங்கள் வீட்டுக்குக் கீழிருந்த குடாவில் மிதவைகளில் கட்டப்பட்டு நிற்கும். மரங்களை ஒவ்வொன்றாக நீரில் இறக்குவர். சங்கிலி நழுவி ஒரு மரம் தவறி விழுந்தால் எங்கள் சமையலறை யன்னலின் கண்ணாடி நடுங்கும். என் தாய், அடுப்பைப் பார்த்தபடியே, "இன்னும் ஒண்டு செத்துது" என்பார். மரத்தைத்தான் சொன்னார்.

என் தந்தை யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பாய்க்கப்பல் ஓட்டிய குடும்பத்திற் பிறந்தவர். கப்பல் இயந்திரங்களோடு உழைத்து, சிட்னியில் இறங்கி, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் வேலைக்கமர்ந்தார். தாய் மருத்துவமனையில் தாதியருக்கு உதவியாளர். அந்தக் கோடைவிடுமுறையில், பாரமிழுக்கும் பொறியான வின்ச் பழுதான மரக்கப்பலொன்றுக்குத் தந்தையை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக்குள் நுழைந்து, "கப்பல் முழுக்கத் தமிழப்பா" என்றார். அக்காலத்தில் எங்கள் தெருவில் தமிழ் பேசியோர் நாங்கள் மூவர் மட்டுமே. தாய் இன்னொரு சுண்டு அளவு மாவை எடுத்து வறுக்கத் தொடங்கினார்.

ஞாயிறுதோறும் மாலுமிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு முதியவர். தந்தையின் கரையைச் சேர்ந்தவர். இளமையில் பாய்க்கப்பல் நடத்தியவர். பாய்க்கப்பலின் தலைவரை அக்கரையில் தண்டையல் என்பர். இரும்புக் கப்பலில் அவர் மேலதிகாரிகளின் கட்டளையை ஆட்களிடம் ஏவும் மூத்த மாலுமி மட்டுமே. எனினும் ஆட்கள் அவரைத் தண்டையல் என்றே அழைத்தனர். அவர் வாசலில் தோன்றியதும் என் தந்தை எழுந்து நின்றார். பட்டறை முதலாளிக்குக்கூட அவர் எழுந்ததில்லை.

இக்கதைக்குரிய மற்றவர் தூத்துக்குடியைச் சேர்ந்த இளைஞர். எங்கள் வீட்டில் அவரைத் தூத்துக்குடியார் என்றே குறிப்பிட்டோம். முன்பற்களில் ஒன்று பாதியாக உடைந்திருக்கும். சிரிக்கும்போது அந்த இடைவெளியை நாக்கு நிரப்பும். என் தாயின் மீன்குழம்பை முதன்முறை உண்டபோது அவர் கண்ணீரோடு நிமிர்ந்தார்.

"அக்கா, இது குழம்பா, எஞ்சின் ரூமா?"

"ஏன், உங்கட ஊரில மிளகாய் இல்லையோ?"

"இருக்கு. நாங்க சாப்பாட்டுல மிளகாய் போடுவோம். நீங்க மிளகாயில சாப்பாட்டப் போடுதிய."

தண்டையல் விரல்களை நக்கியபடி, "உவனுக்கு வாய் கூட. நங்கூரச் சங்கிலியால கட்டவேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தூத்துக்குடியார்தான் அதிகம் சிரித்தார்.

கப்பலை வேறொரு மிதவைக்கு நகர்த்திய காலை, பூங்காவின் கல்மதிலில் நான் அமர்ந்திருந்தேன். எஃகு வடம் ஒன்று, மாலுமிகள் வயர் என்பது, மிதவையிலிருந்து வின்ச்சுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. அது நீரிலிருந்து எழுந்து விறைத்தபோது அதிலிருந்த நீரெல்லாம் ஒரே கணத்தில் புகையாகத் தெறித்தது. முன்தளத்தில் கைகளை வீசிக் கத்திய ஒருவரைக் கண்டேன். உடையைக்கொண்டு அவர் தூத்துக்குடியார் என்று அறிந்தேன். மேலே வெள்ளைச் சட்டையணிந்த சீப் மேற், அதாவது கப்பலின் முதல் அதிகாரி, கையைச் சுழற்றி, இழு என்று சைகை செய்தார். கப்பலின் சமையற்காரர் மிச்சச் சோறும் அழுக்குநீரும் நிறைந்த தட்டத்தோடு வெளியே வந்தார். கடற்பறவைகள் அவரைச் சூழ்ந்தன.

வடம் அறுந்த ஓசையை வெடிச்சத்தம் என்று பிறர் சொல்வர். நான் கேட்டது பெரிய துணியொன்றைக் கிழிப்பது போன்ற ஓசை. வடத்தின் முனை தளத்தைத் தாழ வெட்டிச் சென்றது. தட்டம் கப்பலின் உச்சிக்கு மேல் எழும்பிச் சுழன்று வெயிலில் மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சமையற்காரர் விழுந்ததை நான் காணவில்லை. கண்ணைத் தாழ்த்தியபோது அவர் கைகளை ஊன்றி எழ முயன்றார். எழுவதற்குக் கால்கள் இல்லை. பறவைகள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. கரையிலிருந்து மருத்துவர் படகில் போய்ச் சேருமுன் அவர் இறந்துவிட்டார்.

மறுநாள் தூத்துக்குடியார் தனியாக வந்து எங்கள் சமையலறைக் கதிரையில் அமர்ந்தார். தேநீரைத் தொடவில்லை.

"வயர் இழை அத்துச் சிம்பு சிம்பா நின்னுச்சு அண்ணாச்சி. ராத்திரியே தண்டையல்ட்ட சொன்னேன். காலையில திரும்பவும் சொன்னேன். 'வாயப் பொத்திக்கிட்டு இழு'ன்னாரு. சீப் மேற்கிட்ட எதுத்துப் பேசணும்ல? அதுக்குப் பயந்துட்டாரு."

"விசாரிக்க அரசாங்க ஆள் வருவார். அண்டைக்கு என்ன சொல்லப் போறீர்?" என்று தந்தை கேட்டார்.

"பாத்ததச் சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்ல? செத்தவரு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி ஊட்டுன மனுசன்."

தந்தை குனிந்து தம் தேநீரைக் கலக்கினார். தாய்தான், "அதுதான் சரி" என்றார்.

அவ்வாரமே, தாயும் நானும் கடையிலிருந்து திரும்பும்போது, துறைப்படிகளில் அதைக் கண்டோம். கப்பலின் சிறுபடகு கீழே கட்டப்பட்டிருந்தது. தண்டையல் முடிச்சிட்ட கயிற்று முனையால் தூத்துக்குடியாரை அடித்துக்கொண்டிருந்தார். கோபத்தில் அடிப்பவரின் வேகம் அதில் இல்லை. துணி தோய்ப்பவர்போல் ஒரே சீராக அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் முன் காலைச் சரியாக ஊன்றிக்கொண்டார். தூத்துக்குடியார் கைகளால் முகத்தை மூடிப் படியில் முழந்தாளிட்டிருந்தார். முடிச்சு அவர் காதுக்குப் பின்புறத்தைப் பிளந்தது. குருதி படிப்படியாக இறங்கியது. மற்ற மாலுமிகள் படகில் அமர்ந்து தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாய் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார். உருளைக்கிழங்குகள் தெறித்து நீரில் விழுந்தன.

"நிப்பாட்டுங்கோ! மாட்டுக்கும் இப்படி அடிக்கமாட்டினம்!"

"தங்கச்சி, இது கப்பல் விசயம். விலத்துங்கோ."

"எங்கை கப்பல்? இது படிக்கட்டு. நான் சாமான் வாங்கிக்கொண்டு போற பாதை."

ஓங்கிய கை நிற்கவில்லை. கயிறு என் தாயின் முன்கையில் விழுந்தது. வேண்டுமென்று விழுந்ததா, நிறுத்த முடியாமல் விழுந்ததா என்பதை என் தாயாலும் சொல்ல முடிந்ததில்லை. தண்டையல் தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், சுருட்டினார், படகில் இறங்கினார். தாய் தூத்துக்குடியாரைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, காயத்தைக் கழுவிக் கட்டினார். விசாரணையில் உண்மை சொல்வேன் என்றதற்கே அடி விழுந்ததாக அவர் சொன்னார். தம் கையில் கயிறளவு தடித்த வீக்கத்துக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. தந்தை வந்து காணும்வரை அதை அப்படியே வைத்திருக்க விரும்பினார் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத் தொழிலாளி; தொழிற்சங்கத்தில் குரல் உள்ளவர். நடந்ததைக் கேள்விப்பட்டு அன்று மாலை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: "ஒரு சொல் சொல்லுங்கள். நாளைக் காலை அந்தக் கப்பலின் ஒரு கயிற்றையும் எவனும் அவிழ்க்கமாட்டான். அந்தப் பையனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." மரக்கப்பல்களை அவர்கள் அவ்வாறு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்ததை நான் கண்டிருக்கிறேன். வெறும் வாய்ப்பேச்சு அல்ல அது.

தந்தை நன்றி சொன்னார். இது எங்கள் குடும்ப விடயம், நாங்களே பேசித் தீர்ப்போம் என்றார். கதவைச் சாத்தியதும் தாயின் குரல் எழுந்தது.

"ஏன் மாட்டன் எண்டனீங்கள்?"

"எங்கட தண்டையலை வெள்ளைக்காரருக்கு முன்னால தலைகுனிய வைக்கிறதோ?"

"அடி வாங்கினதும் எங்கட ஆள்தானே? என்ர கையைப் பாருங்கோ. இது ஆரின்ர கை?"

தந்தை அந்தக் கையைப் பார்த்தார். "தீர்த்துவைக்கிறன். முறையாத் தீர்த்துவைக்கிறன்" என்றார்.

முறை என்று அவர் சொன்னது எது என்பதை இங்கே விளக்க வேண்டும். அவருடைய குடும்பத்துப் பாய்க்கப்பல்களில், இரு மாலுமிகளுக்கிடையே பகை மூண்டால், ஆயுதமில்லாமல் வெறுங்கையால் தீர்த்துக்கொள்ள விடுவார்கள். பின்னர் இருவரையும் எதிரெதிரே இருத்தி ஒரே சட்டியில் சோறிடுவார்கள். அடித்த கையாலேயே குழைத்துண்ண வேண்டும். உண்டபின் அவ்விடயத்தை இருவரில் எவரும் மூன்றாவது ஆளிடம் வாய்திறக்கலாகாது. அவ்வளவுதான். நடுக்கடலில், காவலரும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில், ஒருவரையொருவர் கொல்லாமல் கரைசேர அவர்கள் கண்ட வழி அது.

ஞாயிறு நண்பகல், தூத்துக்குடியார் தங்கியிருந்த எங்கள் வீட்டுக்குத் தண்டையலைத் தந்தை அழைத்துவந்தார். தாய் சமைக்க மறுத்துவிட்டதால் தந்தையே சோறும் மீனும் ஆக்கினார். பின்வளவில், துணி உலர்த்தும் சுழல்கம்பிக்குக் கீழே, இருவரும் சட்டையைக் கழற்றி நின்றார்கள்.

"அண்ணாச்சி, நெசமாவா? இவரு வயசானவரு."

"அவர் சம்மதிச்சிட்டார். நீரும் உம்மட மனதில இருக்கிறதைக் கையால தீரும்" என்றார் தந்தை.

தூத்துக்குடியார் தயங்கி நிற்கையிலேயே தண்டையலின் முட்டி அவர் வாயில் இறங்கியது. அதன்பின் தயக்கம் இல்லை. வயதானவர் என்று இரங்கியவரின் கைகள் அந்த வயதானவரின் விலாவில் மாறிமாறி விழுந்தன. ஈரமணல் மூட்டையைத் தடியால் அடிப்பதுபோன்ற ஓசை. தண்டையல் அவரைக் கழுத்தோடு இறுக்கி, காதுக்குப் பின்னிருந்த கட்டைக் கண்டு, அந்த இடத்திலேயே பெருவிரலை அழுத்தினார். தூத்துக்குடியார் அலறிக்கொண்டு தலையால் முட்டினார். மூக்கெலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. இருவரும் விழுந்து, புல்லில் புரண்டு, முழங்கையாலும் முழங்காலாலும் இடித்தார்கள். காயப்போட்டிருந்த என் பள்ளிச் சட்டையில் குருதி தெறித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். தந்தை கையுயர்த்தி அவரைத் தடுத்தார். இறுதியில் தண்டையல் நிலத்தில் அமர்ந்து, எழ இயலாமல், கையை விரித்துக் காட்டினார்.

தந்தையின் முகத்தில் அப்போதிருந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீலவிளிம்பிட்ட பெரிய எனாமல் சட்டியில் சோற்றைக் கொட்டி மீன்குழம்பை ஊற்றினார். இருவரும் உண்டார்கள். தண்டையல் ஒவ்வொரு கவளத்தையும் கண்மூடி விழுங்கினார். தூத்துக்குடியாரின் உதடு பிளந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க கைக்கும் காரந்தான். குடும்பமே இப்பிடியா?"

தண்டையல் சிரித்தார், சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டார். மீனின் நடுத்துண்டைத் தம் விரலாற் பிரித்து அவர் பக்கம் தள்ளினார். "தின்னு" என்றார்.

"இனி ஒருத்தரும் உம்மில கைவைக்கேலாது" என்று தந்தை தூத்துக்குடியாரிடம் சொன்னார். அதை நம்பியே அவர் அன்று மாலை கப்பலுக்குத் திரும்பினார். புறப்படும்போது என் தாயிடம், "போயிட்டு வாரேன் அக்கா. நாளைக்கு வெசாரணைல அண்ணாச்சிதான் எனக்கு இங்கிலீசு" என்றார். தாய் தந்தையைப் பார்த்தார். தந்தை அப்போது சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் ஓசையில் அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் விசாரணை கப்பலின் உணவறையில் நடந்தது. மொழிபெயர்க்கத் தந்தையை அழைத்திருந்தார்கள். அங்கு நடந்ததை அவர் அன்று மாலை தாயிடமும், பல்லாண்டுகள் கழித்து என்னிடமும் சொன்னார். தண்டையல் முதலில் பேசினார். வடத்தில் பழுதேதும் தாம் காணவில்லை என்றார். சீப் மேற் தலையசைத்தார். அடுத்துத் தூத்துக்குடியார். வடம் சிம்பாக நின்றதையும், தாம் இருமுறை எச்சரித்ததையும், யாரிடம் எச்சரித்தார் என்பதையும், தண்டையலின் முகத்தைப் பார்த்தே, பகையில்லாத குரலில், ஒன்றுவிடாமல் சொன்னார். விசாரணையாளர் இருமுறை கேட்டபின்னரே தந்தை மொழிபெயர்த்தார். சரியாகவே மொழிபெயர்த்தார்.

ஏணிப்படியில் தண்டையல் தந்தையைத் தடுத்தார்.

"தம்பி, என்ர நெஞ்செலும்பு இன்னும் நோகுது. ஒரு சட்டியில திண்டுபோட்டு ஒருத்தன் இப்படிச் செய்து நான் கண்டதில்லை."

"அண்ணை, அவனுக்கு எங்கட முறை தெரியாது. அவன் வேற கரை."

"நீ சொல்லேல்லையோ?"

தந்தை சொல்லவில்லை. கடலில் உழைக்கும் தமிழர் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். அடிபட்ட இடத்தில் விருந்து வைத்துச் சமாதானம் செய்கிறார்கள் என்று மட்டுமே தூத்துக்குடியார் எண்ணியிருந்தார். சட்டியிலிருந்த சோறு ஒன்று. அதை உண்டவர்கள் வெவ்வேறு இரண்டை உண்டார்கள்.

"நான் சொல்லேல்லை அண்ணை. பிழை என்னில."

"பிழை ஆரில எண்டு ஆக்கள் கேட்கமாட்டினம்" என்றார் தண்டையல். "உவன் இனி எங்களில ஒருத்தன் இல்லை. விழுந்தாலும் உவனுக்கு ஒருத்தரும் கயிறு எறியமாட்டினம்."

தந்தை தூத்துக்குடியாரைத் தேடித் திரும்பவும் மேலே ஏறினார். சீப் மேற் வழிமறித்து, வேலை முடிந்தால் இறங்கலாம் என்றார். தந்தை அவரைத் தள்ளினார். இரு அதிகாரிகள் தந்தையின் கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் படகில் இறக்கினார்கள். அவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே வேலிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அம்மனிதர் ஒரு கேள்வியும் கேட்காமல் மூலைக்கடைத் தொலைபேசிக்கு ஓடினார். ஆனால் மரம் முழுவதும் இறக்கப்பட்டாயிற்று. இழுவைப் படகுகள் வந்தாயிற்று. நான் கல்மதிலில் ஏறியபோது கப்பல் முனையைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தது. தளத்தில் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் யார் அவர் என்று என்னால் அடையாளம் காண முடியவில்லை.

வடக்கே அடுத்த துறைமுகத்தில் கப்பல் போய் நின்றபோது தூத்துக்குடியார் அதில் இல்லை. காவலர் இருவர் வீட்டுக்கு வந்து, மாலுமிகளிடம் விசாரிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தந்தையை அத்துறைமுகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு மாலுமியும் தாம் காணவில்லை என்றே சொன்னார். தண்டையலும் அதையே சொன்னார். சொல்லும்போது உடைந்த மூக்கின் மேல் கைக்குட்டையை வைத்திருந்தார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆங்கிலமாக்கிவிட்டுத் தந்தை வீடு திரும்பினார்.

தாய் வாசலிலேயே கேட்டார். தந்தை இல்லை என்று தலையை அசைத்தார். தாய் கையை ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தார். மீண்டும் அறைந்தார். தந்தை விலகவில்லை, கைகளால் மறைக்கவும் இல்லை.

"சோறு போட்டீங்களே! என்ன சோறு எண்டு அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களோ?"

தந்தை வாசற்படியில் அமர்ந்தார். தாய் உள்ளே போய், இருமல்போல் ஒலித்த ஓசையோடு அழுதார். அதற்குப் பின் அவர்கள் ஒருவருக்கொருவர் நல்லவர்களாகவே நெடுங்காலம் வாழ்ந்தார்கள். தந்தை எந்தக் கப்பலிலும் மொழிபெயர்க்கப் போகவில்லை.

அறியப்படாதவை இவை. தூத்துக்குடியார் விழுந்தாரா, தள்ளப்பட்டாரா, தாமே குதித்தாரா என்பது தெரியவில்லை. அவர் நீரில் கிடந்ததை எவரேனும் கண்டனரா, கண்டும் கயிறு எறியாது நின்றனரா என்பது தெரியவில்லை. அவருடல் கிடைத்ததாக எங்களுக்குச் செய்தி வரவில்லை. அவர் சொன்ன சாட்சியத்தால் எவரேனும் தண்டிக்கப்பட்டனரா என்பதும் தெரியவில்லை. தூத்துக்குடியில் அவருக்கு யார் இருந்தார்கள், அவர்களிடம் யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியவில்லை. அந்தச் சோற்றில் கைவைக்குமுன் அதன் பொருளை அவருக்குச் சொல்லியிருந்தால், அவர் உண்டிருப்பாரா, எழுந்து போயிருப்பாரா என்பது தெரியவில்லை.